பனைநாட்டில் இரண்டு நாள்: பதனீரும் கருப்பட்டியும் ருசி பார்க்க விருந்தினரை அழைக்கும் முறை

இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரைக் கிராமங்களில் நிலமுடைய விவசாயிகளுக்குப் பனையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவது அதிகமில்லை. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்து மணற்காடுகளிலும், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி, நரிப்பையூர் வரை செல்லும் கரையோரத்திலும், தண்ணீர் ஊற்றுவாரின்றித் தானே நின்று பயன் தரும் மரம் பனையொன்றே. ஆயினும், பனையுடையார் பலர் இன்று அதனைச் சுமையாகக் கருதும் நிலை வந்திருக்கிறது. ஏறுவார் குறைந்தனர், ஏறுவோரின் பிள்ளைகள் வேறு தொழில் நாடினர், காய்ச்சிய கருப்பட்டிக்குச் சீனிப்பாகு கலந்த போலிச் சரக்கின் விலையே கிடைக்கிறது. இதனால் செங்கற் சூளைக்கு மரம் கேட்டு வருவோருக்குத் தோப்பையே கொடுத்துவிடத் துணிந்தவர்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மரத்தைக் காக்கலாம். மரத்திலிருந்து வரும் வருமானத்தை அது உண்டாக்க மாட்டாது. அவ்வருமானத்திற்கு ஒரு வழியை இக்கட்டுரை விவரிக்கின்றது.

வழி யாதெனில், பதனீர் இறங்கும் பருவத்தில் ஒரு சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில், மதுரை, சென்னை முதலிய நகரங்களிலிருந்து சிறு தொகையினரான விருந்தினரைத் தோப்பிற்கு அழைத்து, பதனீர் முதல் பனங்கற்கண்டு வரை வரிசையாக ருசி பார்க்கச் செய்து, நல்ல சரக்கை நல்லதென்று அவர்களே அறிந்து வாங்கிச் செல்லும்படி செய்வதாகும்.

பிற நாட்டார் செய்வது

இம்முறை புதிதன்று. ஐரோப்பாவில் திராட்சை விளையும் பிரதேசங்களில், வார முடிவில் நகரத்தார் தோட்டங்களுக்குச் சென்று, அவ்விடத்து மதுவைச் சிறுகச் சிறுக ருசித்து, அவ்வூர்ப் பாற்கட்டியை உடன் உண்டு, தமக்குப் பிடித்ததை வாங்கி வருவது நெடுநாளைய வழக்கம். பாற்கட்டியிலுள்ள உப்பும் கொழுப்பும் சிவப்பு மதுவின் துவர்ப்பைத் தணிக்கும். அதனால் ஒன்றின் சுவை மற்றொன்றால் தெளிவாகும். இந்தியாவில் நாசிக் ஜில்லா இதனைப் பின்பற்றியது. மகாராஷ்டிர சர்க்கார் 2001-இல் திராட்சைப் பதனத் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே தன் முதல் மதுவை வெளியிட்டிருந்த சூலா என்னும் தோட்டத்தார், 2005-இல் விருந்தினர் ருசி பார்ப்பதற்கென்றே ஒரு கூடத்தைத் திறந்தனர். இன்று சனி, ஞாயிறுகளில் பம்பாய் நகரத்தார் அங்கே திரளாகச் செல்கின்றனர்.

நமக்கு அருகிலுள்ள உதாரணமும் ஒன்றுண்டு. இலங்கையில் எருமைத் தயிரின்மேல் கித்துள் என்னும் கூந்தற்பனையின் பாணியை வார்த்து உண்பர். பயணிகள் அதற்காகவே வழியில் வண்டியை நிறுத்துவர். அங்கே யாழ்ப்பாணத்துப் பனைத்தொழிலைப் பேணுதற்பொருட்டு 1978-இல் பனை அபிவிருத்திச் சபை ஏற்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பனை மாநில மரமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வுதாரணங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது மதுவையன்று, முறையையே. விளைவிப்போனும் உண்போனும் ஓரிடத்தில் நேரே சந்தித்தால், இடையிலுள்ள கலப்படத்திற்கு இடமில்லாமற் போகும்.

சட்டத்தின் எல்லை

முதலில் ஒரு விஷயத்தை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லிவிட வேண்டும். 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இடையில் 1971-இல் தளர்த்தப்பட்டுப் பின்னர் மீண்டும் விதிக்கப்பட்டது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஆகையால் நமது விருந்தில் கள்ளுக்கு இடமில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கிய சாற்றையும், நேரங் கடந்து புளித்துப்போன பதனீரையும் யார் கேட்டாலும் கொடுக்கலாகாது, கொட்டிவிட வேண்டும். ஒரு கலயத்தின் பொருட்டுத் தோப்பு முழுவதும் வழக்கில் அகப்பட இடங்கொடுத்தல் அறிவுடைமையாகாது. விருந்து நடத்தக் கருதுவோர் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்திற்கும் முன்னரே எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்வது நலம்.

பதனீர் கள்ளாவது எப்படி, ஆகாமற் காப்பது எப்படி

விருந்தினர் கேட்கும் முதற் கேள்வி இதுவாகவே இருக்கும். ஆகையால் தோப்புடையார் காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும். பாளையினின்று சொட்டும் சாறு இனிப்பாயிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரை. நூற்றுக்குச் சுமார் 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கும். அது பெரும்பாலும் கரும்பிலுள்ள சர்க்கரையின் இனமே. காற்றிலும் கலயத்தின் உட்புறத்திலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நொதியுயிர்கள் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அதற்குப்பின் வேறு நுண்ணுயிர்கள் அதனைக் காடியாக்குகின்றன. வெயில் ஏற ஏற இவ்வேலை விரைவாக நடக்கும்.

கலயத்தின் உட்புறத்தில் நீற்றிய சுண்ணாம்பைத் தடவினால் சாறு காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில் நொதியுயிர்கள் பெருக மாட்டா. நம் கரையோரத்துக் கிளிஞ்சற் சுண்ணாம்பு இதற்குச் சிறந்தது. ஆனால் அளவறிந்து தடவ வேண்டும். குறைந்தால் புளிக்கும். மிகுந்தால் பதனீர் நாவில் வழுவழுத்து எரிச்சல் தரும். காய்ச்சும்போது கருப்பட்டி மிகக் கறுத்துக் கசக்கும். புளிப்பேறிய பதனீரிலோ சர்க்கரை சிதைந்து போவதால், எவ்வளவு காய்ச்சினும் கட்டி இறுகாது, பிசுபிசுத்து நிற்கும். எனவே கருப்பட்டியின் தரம் அடுப்பில் தீர்மானிக்கப்படுவதன்று. மரத்தின் உச்சியில், பனையேறியின் விரல் நுனியிலுள்ள சுண்ணாம்பில் தீர்மானிக்கப்படுகின்றது. இவ்வொரு செய்தியை விருந்தினர் மனத்திற் பதிய வைத்தால், பனையேறியின் கூலியைக் குறித்து அவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

கலயத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. வங்காள தேசத்தில் வௌவால்கள் வாய் வைத்த பச்சை ஈச்சஞ் சாற்றைப் பருகியதனால் நிபா என்னும் கொடிய நோய் மக்களுக்குப் பரவியது பன்முறை கண்டறியப்பட்டிருக்கிறது. நமது பனங்காடுகளிலும் வௌவால்கள் உண்டு. ஆகவே விருந்தினருக்குரிய மரங்களில் பாளையையும் கலயத்தின் வாயையும் ஓலைப்பாயினாலோ நெருங்கிய வலையினாலோ இரவில் மூடிவைப்பது அவசியம். வாய்ப்பட்டதாக ஐயமுள்ள கலயத்தைக் காய்ச்சுவதற்குங்கூடச் சேர்க்கலாகாது.

பருவமும் நாளும்

நம் கரையில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே பதனீர் நிறைந்து இறங்கும் காலம். அதே காலத்தில் நுங்கும் கிடைக்கும். பனங்கிழங்கு மார்கழி, தை மாதங்களுக்குரியதாகையால் அதனை இவ்விருந்தில் எதிர்பார்க்க வேண்டா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் பெரிய மீனை உணவுப் பட்டியலிற் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்தாமல், நாட்டுப்படகில் வரும் மீனையோ, காய்கறியையோ நம்பியிருப்பது நன்று. மகா சிவராத்திரி, ஆடி அமாவாசை முதலிய நாட்களில் இராமேசுவரத்தில் யாத்திரிகர் கூட்டம் மிகுந்து தங்க இடங் கிடைப்பது அரிதாகையால், அவற்றையொட்டிய சனி, ஞாயிறுகளை நீக்க வேண்டும்.

விருந்தினர் தொகை பன்னிரண்டுக்கு மேற்படலாகாது. அதற்கு மேற்பட்டால் ருசி பார்ப்பது திருவிழாக் கூட்டமாக முடியும். பனையேறிக்கும் அடுப்படியிலுள்ள பெண்டிருக்கும் வேலை செய்ய இடமிராது.

இடமும் வழியும்

இரண்டு வழிகள் உள்ளன. கிழக்கு வழி இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வாயிலாக இராமேசுவரம் செல்வது; ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மேற்கு வழி கீழக்கரை, ஏர்வாடி வாயிலாகச் சாயல்குடிப் பக்கம் செல்வது. இரண்டையும் இரண்டு நாளில் பார்த்துவிட எண்ணுவோர் வண்டியிலேயே பொழுதைக் கழித்து, ஒன்றையும் ருசியாமல் திரும்புவர். ஒரு முறைக்கு ஒரு வழியே போதும்.

கோயிலும் கடலும் காண விரும்புவோருக்குக் கிழக்கு வழி ஏற்றது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்திற்கு மாற்றாக 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தை, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்து காணலாம். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றங்கால்களும் தோட்டப்பயிர் செய்வோர் பார்க்கத் தக்கவை. தொழிலின் முழு உருவத்தையும் காண விரும்புவோருக்கு மேற்கு வழியே சிறந்தது. சாயல்குடி வட்டாரத்தில் காய்ச்சும் குடிசைகள் இன்னும் புகைகின்றன; வாலிநோக்கத்தில் சர்க்கார் உப்பளத்தையும் பார்க்கலாம்.

முதல் நாள்: சனிக்கிழமை

விருந்தினர் நண்பகலுக்குள் வந்து சேரட்டும். உணவிற்குப்பின் இளைப்பாறச் செய்து, மாலை நான்கு மணிக்குத் தோப்பிற்கு அழைத்துச் செல்க. மாலை ஏற்றத்தை அவர்கள் காண்பது இன்றியமையாதது. பனையேறி பாளையைக் கூரிய அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவுவதும், கலயத்தைக் கழுவிச் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதும், பாளை பருவத்திற்கு வரும்வரை மரத்தினாலான இடுக்கியால் நாள்தோறும் இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்தியதும் எடுத்துச் சொல்லப்பட வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து, சாறு குறைந்துவிடும். ஆகவே பனையேறிக்குப் பருவ முழுவதும் விடுமுறை நாளென்பது கிடையாது. விருந்தினர் எவரையும், எவ்வளவு வேண்டினும், மரத்தில் ஏற விடலாகாது.

இரவு உணவு எளியதாக இருக்கட்டும். காரமும் புளிப்பும் மிகுந்த உணவு மறுநாட் காலையில் நாவை மந்தமாக்கும். புகையிலை, வெற்றிலை பாக்கு இரண்டையும் அன்றிரவு முதல் நிறுத்திவைக்கும்படி விருந்தினரை வேண்டிக்கொள்க.

இரண்டாம் நாள்: ஞாயிற்றுக்கிழமை

சித்திரை மாதத்தில் ஏறத்தாழ ஆறு மணிக்குச் சூரியோதயம். ஐந்தரை மணிக்கே எல்லாரும் தோப்பில் இருக்க வேண்டும். இரவெல்லாம் சொட்டிய பதனீர் இறங்கியவுடன், துணியில் வடித்துப் பனையோலைப் பட்டையில் வார்த்துக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக் குவளையிலும் சிறிது வார்த்து நிறத்தைக் காட்டுக. ஓலைப்பட்டை பசுமணத்தைச் சேர்ப்பதால், இரண்டிலும் பருகி வேற்றுமை காணச் சொல்லலாம்.

ஏழு மணிக்கு அடுப்பு மூட்டப்படும். வடித்த பதனீர் கொதித்து நுரை பொங்கும்போது, நசுக்கிய ஆமணக்கு விதையைச் சிறிது இட்டால் பொங்குதல் அடங்கும். நீர் வற்றிப் பாகாகும் கூப்பனிப் பருவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப்பின் பாகு தடித்து, குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் உருளும் பதம் வந்ததும் இறக்கி, கிளறி, சிரட்டைகளில் வார்க்கப்படும். ஏறத்தாழ 8 லிட்டர் நல்ல பதனீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். இக்கணக்கை விருந்தினர் தம் கண்ணாற் கண்டபின், கடையில் மிக மலிவாக விற்கும் கருப்பட்டி எதனாற் செய்யப்பட்டிருக்கக் கூடுமென்று அவர்களே சிந்திக்கத் தொடங்குவர்.

ருசி பார்க்கும் ஒழுங்கு

பத்தரை மணிக்கு, நிழலான காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புப் புகை வராத பக்கமாகப் பாய் விரித்து அமரச் செய்க. மாதிரிகள் எட்டுக்கு மேற்படலாகாது. நாவு அதற்குமேல் வேற்றுமை அறியாது. இலேசானது முன்னும் கனமானது பின்னுமாக வரிசை அமைய வேண்டும். அவ்வரிசை வருமாறு:

1. அன்று காலைப் பதனீர், நிழலிற் குளிரவைத்தது.
2. அதே பதனீரில் நுங்கு இட்டது.
3. கூப்பனி.
4. அன்று வார்த்த புதுக் கருப்பட்டி.
5. சென்ற பருவத்தில் காய்ச்சிப் பரணில் வைத்த பழங் கருப்பட்டி.
6. சுக்கும் மிளகும் சேர்ந்த சில்லுக் கருப்பட்டி.
7. கடையில் வாங்கிய, சீனி கலந்ததென்று ஐயமுள்ள கருப்பட்டி.
8. பனங்கற்கண்டு.

நான்கு, ஐந்து, ஏழு ஆகிய மூன்றையும் பெயர் சொல்லாமல் எண் மட்டும் இட்டு, ஒரே அளவான துண்டுகளாக உடைத்து வைக்க வேண்டும். தோப்புடையார் எது தம்முடையது என்று முகக்குறிப்பினாலும் காட்டலாகாது. ஒவ்வொரு மாதிரியின் இடையிலும் ஒரு வாய் நீரும், உப்பில்லாத நெற்பொரி சிறிதும் கொடுத்தால் நாவு தூய்மையடையும்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும். மொத்தம் 20 மதிப்பெண்: நிறத்திற்கு 3, மணத்திற்கு 5, சுவைக்கு 6, பதத்திற்கு 4, விழுங்கியபின் நாவில் நிற்கும் பின்சுவைக்கு 2. முதலில் கண்ணாற் பார்த்து, பின்னர் உடைத்து முகர்ந்து, அதற்குப்பின் சிறு துண்டை நாவிலிட்டுத் தானே கரையவிட வேண்டும். கடித்து விழுங்குபவர் இனிப்பை மட்டுமே அறிவர். எல்லாரும் எழுதி முடிக்கும்வரை எவரும் தம் கருத்தை வெளியிடலாகாது. பெரிய மனிதர் ஒருவர் முதலில் வாய்திறந்தால், மற்றவர் நாவு அவர் நாவாகிவிடும்.

குற்றங்களை அறிதல்

நல்ல கருப்பட்டி கரும்பழுப்பு நிறமாயிருக்கும். உடைத்த முகம் மங்கலாயிருக்கும். இனிப்பின் பின்னே மெல்லிய உப்புச் சுவையும் ஓலைப்புகை மணமும் தோன்றும். மிகுந்த சுண்ணாம்பு நாவிற் காரமாகவும் கசப்பாகவும் தெரியும். கலயம் சுத்தமில்லாதது புளிநாற்றத்தால் வெளிப்படும். அடி பிடித்தது கருகல் மணந்தரும். ஈரங் குடித்தது விரலில் ஒட்டும். சீனி கலந்தது பெரும்பாலும் வெளிறிய நிறமும், உடைத்த இடத்தில் பளபளக்கும் மணிகளும், பின்சுவையற்ற வெறும் இனிப்பும் உடையதாயிருக்கும்.

ஆயினும் நாவு கூறும் தீர்ப்பு ஐயத்தை எழுப்பத் தக்கதேயன்றி முடிவானதன்று. முடிவைச் சோதனைச்சாலை கூறும். கரும்பும் பனையும் காற்றிலுள்ள கரியமில வாயுவை வெவ்வேறு முறையில் உட்கொள்வன. அதனால் அவற்றின் சர்க்கரையிலுள்ள கரியின் கனத்த வகையும் இலேசான வகையும் சேர்ந்திருக்கும் விகிதம் வேறுபடுகின்றது. அவ்விகிதத்தை அளக்கும் கருவியினால், கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். உருவத்தையும் நிறத்தையும் ஏமாற்றுவோர் இதனை ஏமாற்ற இயலாது.

உடன் உண்ணத் தக்கவை

மேல்நாட்டார் மதுவுடன் பாற்கட்டியை வைப்பது போல, நாமும் இனிப்பைத் தாங்கும் உப்பும் புளிப்பும் கொழுப்பும் உடைய பண்டங்களை உடன் வைக்கலாம். பதனீருடன் உப்பிட்ட பச்சை மாங்காய்க் கீற்றும், அவித்த பயறும். புதுக் கருப்பட்டியுடன் தேங்காய்க் கீற்றும் வறுத்த நிலக்கடலையும். பழங் கருப்பட்டியுடன் கெட்டியான எருமைத் தயிரும் பொருந்துவன. கூப்பனியைத் தயிரின்மேல் வார்த்து உண்டால் இலங்கையார் வழக்கத்தின் பெருமை விளங்கும். இவற்றின் முடிவில், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது இராமநாதபுரம் முண்டு மிளகாயில் அரைத்த துவையலைச் சிறிது வைத்து, அதன்மேல் ஒரு துண்டு கருப்பட்டியை நாவிலிட்டால், காரமும் இனிப்பும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணலாம். துவையலை எல்லா மாதிரிகளும் முடிந்த பின்னரே பரிமாற வேண்டும்.

நீரிழிவு உடையவர்களுக்கு ஒரு சொல். கருப்பட்டியில் சில தாதுப்பொருள்கள் இருப்பினும், அதுவும் சர்க்கரையே. அது தீங்கு செய்யாதென்று கூறி விற்பது உண்மைக்கு மாறானது. அத்தகைய விருந்தினர்க்கு நுனிக்கரண்டி அளவே போதும்.

வரவு செலவு

உதாரணத்தின் பொருட்டு ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு விருந்தினர், தலைக்கு 1,500 ரூபாய், ஆக வரவு 18,000 ரூபாய். தங்குமிடச் செலவு அவர்களுடையது. உணவு தலைக்கு 500 வீதம் 6,000, வண்டி 4,000, பனையேறி இருவருக்கு இரண்டு நாளைக்கு, நாளொன்றுக்கு ஆயிரம் வீதம் 4,000, மாதிரிச் சரக்கும் பதனீரும் 1,500, குடிநீர், துப்புரவு 1,000, ஆகச் செலவு 16,500 ரூபாய். மிச்சம் 1,500 ரூபாயே. கூலியும் விலையும் இடத்திற்கிடம் மாறுமாகையால், அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்க.

இவ்வளவு பாடுபட்டு 1,500 ரூபாய்தானா என்று கேட்பது இயல்பே. லாபம் இத்தொகையில் இல்லை. விருந்தினர் ஒவ்வொருவரும் இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினால் அன்றே 24 கிலோ, இடைத்தரகரின்றி, காய்ச்சியவர் கேட்ட விலைக்குப் போகும். அவர்களுள் நால்வர் ஆண்டுதோறும் தபாலில் வரவழைத்தால், அது நிலையான வாடிக்கையாகும். தூத்துக்குடி ஜில்லாவின் உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதற்கு அடிப்படை, அவ்வூர்ச் சரக்கு என்றால் இன்னதென்று மக்கள் நாவில் நெடுங்காலமாக நின்ற நினைவேயாகும். சாயல்குடிச் சரக்கிற்கும் உச்சிப்புளிச் சரக்கிற்கும் அவ்வாறு ஒரு நினைவை உண்டாக்குவதே இவ்விருந்தின் நோக்கம்.

பனையேறியின் பங்கு

மரம் நிலமுடையாருடையது, வித்தை பனையேறியினுடையது. குத்தகையாயினும் வாரமாயினும், விருந்து நாள் வருமானத்தில் அவர் பங்கு இன்னதென்று முன்னரே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். காய்ச்சும் வேலை பெரும்பாலும் அவர் இல்லத்துப் பெண்மணியுடையதாகையால், அவர் கூலி தனியே குறிக்கப்படுவது நியாயம். ருசி பார்க்கும்போது பாகின் பதத்தைப் பற்றி விருந்தினர் கேட்கும் கேள்விக்கு அவரே விடை சொல்லட்டும்; தோப்புடையார் குறுக்கிடாதிருப்பது மரியாதை. மேலும் பனையேறிகள் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்கின்றனரா என்று கிராம அதிகாரிகள் விசாரித்து, இல்லையேல் உதவ வேண்டும். முப்பது மீட்டர் வரை வளரும் மரத்தில் நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு ஒரு முறை கால் தவறினால், மறு முறை என்பதில்லை. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடைபெறுகின்றது. ஏறுங் கருவிகளைப் பற்றி அங்கே கேட்டறியலாம்.

சில வினாக்களும் விடைகளும்

பதனீரை நகரத்திற்குக் கொண்டுபோகலாமா என்று விருந்தினர் கேட்பர். சாதாரணக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால் வழியிலேயே கெட்டுவிடும். ஆகையால் கொடுக்க வேண்டா. தோப்பில் பருகிச் செல்லட்டும். அதற்காக அடுத்த ஆண்டும் வருவார்கள்.

கருப்பட்டியை எப்படிக் காப்பதென்று கேட்பர். கடற்காற்றின் ஈரம் படாமல், ஓலைப்பெட்டியில் இட்டு, அடுப்பின் மேற்பரணில் வைப்பது நம் வழக்கம். நகரத்தார் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கலாம்.

நம் தோப்பில் ஐம்பது மரங்கூட இல்லையே என்று சில விவசாயிகள் கேட்கலாம். பன்னிரண்டு பேருக்கு நாலைந்து நல்ல மரங்களே போதும். பக்கத்துத் தோப்பாரையும் சேர்த்துக்கொண்டு, முறைவைத்து ஆண்டுக்கொருவர் நடத்தினால் பொறாமைக்கும் இடமிராது.

முடிவுரை

பனங்கொட்டையை இன்று ஊன்றினால் பயன் காணப் பதினைந்து ஆண்டுகளேனும் ஆகும். நம்முடைய தோப்புகளை நட்டவர்கள் தாம் பருகுவதற்காக நட்டவர்கள் அல்லர். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற மரம் சூளைக்குப் போவதும், நம் பேரர் காலத்திலும் சொட்டுவதும் நாம் இப்பருவத்தில் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஜே. சி. குமரப்பா 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வாயிலாக, கரும்பு விளையும் நல்ல நிலத்தை உணவுத் தானியத்திற்கு விட்டு, தரிசில் நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாமென்று எடுத்துரைத்தார். அக்கருத்து இன்றும் நம் மணற்காட்டிற்குப் பொருந்துவதே.

ஆகவே வரும் பங்குனிக்கு முன்னர் விவசாயிகள் செய்யத்தக்கவை மூன்று: தோப்பில் விருந்திற்குரிய மரங்களைத் தெரிந்து பாளைகளை மூடுவதற்கு வலை தேடி வைத்தல், பனையேறியுடன் பங்கைப் பேசி முடித்தல், சென்ற பருவத்துக் கருப்பட்டியில் சிறந்ததை விற்றுவிடாமல் பத்துக் கிலோ பரணில் நிறுத்தி வைத்தல். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊரில் ஒருவரேனும் செய்து பார்க்கும்படி தூண்டுவார்களாக.